டாட்சன் 240இசட்டுக்கு எந்த எஞ்சின்? வீட்டு கராஜில் வைத்துச் செய்பவர்களுக்கு

பழைய டாட்சன் 240இசட் ஒன்றை வாங்கி கராஜுக்குள் நிறுத்திய கையோடு எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இதில் இருக்கிற எல்24 எஞ்சினையே பிரித்துச் சரிசெய்து ஓட்டுவதா, பெரிய எல்28-ஐ ஏற்றுவதா, இல்லை நிஸானின் ஸ்கைலைன் காரில் வந்த ஆர்பி25 டர்போவையோ அமெரிக்க வி8-ஐயோ வைத்துவிடுவதா? எல்லாமே நடக்கிற காரியம்தான், எல்லாவற்றையும் செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வார இறுதிகளில், ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில், இரண்டு ஜாக்கியும் ஒரு செட் ஸ்பானரும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஆளுக்கு எல்28தான் சரி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. டாட்சன் என்பது நிஸானின் பிராண்ட்; நிஸான் 1969 கடைசியில் ஜப்பானில் இதை ஃபேர்லேடி இசட் என்று அறிமுகப்படுத்தியது. அங்கே இரண்டு லிட்டரைத் தாண்டினால் வரி ஏறும் என்பதால் சாதாரண மாடலில் எல்20 எஞ்சின்தான் இருந்தது. அமெரிக்காவுக்கு 240இசட் என்ற பெயரில் 3,526 டாலருக்குப் போனது. 2393 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், மேலே வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம் தண்டு, பக்கத்தில் எஸ்யூ என்ற பிரிட்டிஷ் கார்புரேட்டர் மாதிரியில் ஹிட்டாச்சி செய்த இரண்டு கார்புரேட்டர்கள். 151 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்டார்கள், ஆனால் அது ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் இல்லாமல் அளந்த அந்தக் காலத்துக் கணக்கு. எடை ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 1974-இல் 260இசட் வந்தது, 1975 முதல் 1978 வரை 280இசட். பெயர் மாறினாலும் உடம்பு ஒரே குடும்பம், அதனால்தான் ஒன்றின் பாகம் இன்னொன்றில் இவ்வளவு சுலபமாக உட்காருகிறது.

எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுங்கள். இந்தக் காரின் எமன் துருதான். பேட்டரி தட்டில் ஆரம்பிக்கும். அங்கே சிந்திய ஆசிட் தட்டைத் தின்றுவிட்டு அதற்குக் கீழே ஓடும் ரெயிலுக்கு இறங்கும். அப்புறம் முன்சீட்டுத் தரை, கதவுக்குக் கீழே ராக்கர், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அந்த மூலைத் தகடு, ஸ்டெப்னி குழி, பின்கதவு வந்து மோதும் பட்டி. உள்ளே இருந்து பார்த்தால் தரை ஜம்மென்று இருக்கிற மாதிரித் தெரியும், ஏனென்றால் தொழிற்சாலையிலேயே சத்தம் குறைய தார் மாதிரி ஒரு பாயை ஒட்டியிருக்கிறார்கள். அதன் மேல் டிரை ஐஸைப் பரப்பிக் கொஞ்சநேரம் விட்டால் விறைத்துப்போகும், சுத்தியலால் லேசாகத் தட்டினால் கண்ணாடி ஓடு மாதிரித் தெறித்துக் கழன்றுவரும். அதற்குக் கீழேதான் உண்மையான தரையைப் பார்ப்பீர்கள். சில சமயம் பாய்க்குக் கீழே கராஜின் சிமென்ட்தான் தெரியும்.

இதை ஏன் எஞ்சின் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், முடிவை எடுக்கப்போவது தகடுதான். தரைக்கு அடியில் ஓடும் ரெயில் ஒன்றும் லாரி ஷாசி இல்லை, மெல்லிய தகட்டை மடித்து ஒட்டவைத்த கால்வாய்தான். அது அரித்துப்போன ஒரு காரில் முந்நூறு குதிரைத்திறன் எஞ்சினை வைத்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உடம்பே முறுக்கிக்கொள்ளும், கதவு மூடாது. அதனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு வெல்டிங்குக்கு. இந்த டிங்கரிங் வேலையை வீட்டிலேயே மிக் வெல்டரில் செய்யலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு என்பதால் நீளமாகக் கோடு இழுக்காமல் புள்ளி புள்ளியாக, இடம்விட்டு இடம் மாறி வைக்க வேண்டும். ராக்கரை வெட்டுவதற்கு முன் கதவு திறப்பில் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் வெட்டிய பிறகு கூரை தொங்கி, கதவு இடைவெளி ஒருபக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் உரசும்.

சரி, உடம்பு தேறியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எஞ்சின்.

முதல் வழி, எல்24-ஐ அப்படியே வைத்துக்கொள்வது. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டில் எஞ்சின் எண் அடித்திருக்கும், அதே எண் பிளாக்கிலும், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் அடிப்பகுதியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போய், காரும் 1970-ஐச் சேர்ந்த ஆரம்பகால வண்டி என்றால், தயவுசெய்து வேறெதையும் யோசிக்காதீர்கள். 2020 ஜனவரியில் குறைவாக ஓடிய ஒரு ஒரிஜினல் 240இசட் இணைய ஏலத்தில் 310,000 டாலருக்குப் போனது. உங்கள் கார் அந்த விலைக்குப் போகாது, யாருடையதும் போகாது. ஆனால் ஒரிஜினலாக இருப்பதற்குச் சந்தை எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. எல்24 பலவீனமான எஞ்சினும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 240இசட் 1971-லும் 1973-லும் ஜெயித்தது. இரண்டாவது தடவை ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் ஷேகர் மேத்தா. அந்தச் சேற்றிலும் புழுதியிலும் தாக்குப்பிடித்தது இதே வகை எஞ்சின்தான்.

எல்24-ஐ வைத்துக்கொண்டாலும் ஓட்டுகிற சுகத்தை நிறையவே கூட்டலாம், எல்லாமே திரும்பக் கழற்றக்கூடிய மாற்றங்கள். பாயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு 280இசட்எக்ஸ் காரின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினால் காலையில் ஸ்டார்ட் ஆவதே வேறு மாதிரி இருக்கும். ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது, ஃப்யூஸ் பெட்டி உருகுவதற்கு அதுவும் ஒரு காரணம், ரிலே வைத்துவிடுங்கள். முன்பிரேக்குக்கு 1980 வாக்கில் வந்த டொயோட்டா நான்குசக்கர பிக்அப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பர் நேராக போல்ட் ஆகிவிடும். 1973 மாடல் என்றால் தட்டையான மேல்மூடி கொண்ட கார்புரேட்டர்கள் வந்திருக்கும். மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் போட்டவை, சூட்டில் பெட்ரோல் கொதித்து நடுரோட்டில் நிறுத்தும். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு 1970-72 காலத்து வட்டமூடி எஸ்யூக்களைத் தேடிப்பிடியுங்கள்.

இரண்டாவது, எல்28. 2753 சிசி. 280இசட்டிலும் அதற்கு அடுத்து வந்த 280இசட்எக்ஸிலும் இருந்தது. எல்24-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 83, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 73.7 மில்லிமீட்டர், இதில் 86-க்கு 79. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப்பிள்ளைகள். உங்கள் எஞ்சின் மவுன்ட், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், கார்புரேட்டர் எல்லாம் அப்படியே பொருந்தும். எஸ்யூ கார்புரேட்டரில் ஊசியை மட்டும் எல்28-க்கு ஏற்ற மாதிரி மாற்றினால் போதும். கூடுதல் குதிரைத்திறனை விட எனக்குப் பிடித்தது கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கிற இழுவை. மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டே போய் அப்படியே மிதித்தால் முனகாமல் எழுந்துவரும். பழைய எல்24-ஐத் துணி சுற்றி மூலையில் வைத்துவிடலாம், என்றைக்காவது விற்கும்போது காரோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் சந்தோஷம். ஒரு ஓட்டை போடவில்லை, ஒரு வயர் வெட்டவில்லை.

வாங்கும்போது பிளாக்கின் மேலும், அதை மூடும் வால்வுகள் உள்ள ஹெட்டின் மேலும் வார்ப்பில் வந்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. 280இசட்டில் வந்த என்42 பிளாக்கில் பிஸ்டனுக்கு மேலே பள்ளம், அதனால் கம்ப்ரஷன், அதாவது பெட்ரோல் காற்றுக் கலவையை அழுத்தும் அளவு, குறைவு. 1981 முதல் வந்த டர்போ இல்லாத 280இசட்எக்ஸின் எஃப்54 பிளாக்கில் தட்டையான பிஸ்டன், பலரும் தேடுவது இதைத்தான். ஹெட்டில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. என்42 ஹெட்டின் எக்ஸாஸ்ட் துளை சதுரம்; என்47, பி79 ஹெட்டுகளில் உள்ளே லைனர் வைத்த வட்டத்துளை. மேனிஃபோல்டும் கேஸ்கெட்டும் அதற்குத் தகுந்த மாதிரி வாங்கவில்லை என்றால் புஸ் புஸ் என்று கசியும், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும். இன்னொன்று, 240இசட்டின் பழைய ஈ31 ஹெட்டைத் தட்டைப் பிஸ்டன் எல்28 மேல் வைத்தால் கம்ப்ரஷன் எகிறும் என்று ஆசைகாட்டுவார்கள். எகிறும்தான். அப்புறம் பம்பில் கிடைக்கும் பெட்ரோலுக்கு எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டும். நல்ல பெட்ரோல் தினமும் கிடைக்கிற ஊரா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

ஹெட்டைக் கழற்றும்போது ஒரு விஷயம், எல் எஞ்சின் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கேம் ஸ்ப்ராக்கெட்டை எடுப்பதற்கு முன் இரண்டு பக்கச் செயினுக்கும் நடுவே மேலிருந்து ஒரு மர ஆப்பை இறக்க வேண்டும். நீளமாக, கீழே போகப் போகக் கூராகச் செதுக்கிய மரத்துண்டு, அதன் தலையில் ஒரு கயிறு கட்டியிருந்தால் வெளியே எடுக்க வசதி. அது செயினை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். ஆப்பு இல்லாமல் செயினைத் தளர்த்தினால் கீழே ஒளிந்திருக்கும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ‘டப்’ என்று வெளியே துள்ளிவிடும். அதைத் திரும்ப உள்ளே தள்ள முன்கவரைக் கழற்ற வேண்டும், அதற்கு கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், ஆயில் பானின் முன்போல்ட்டுகள் என்று வரிசையாக இறங்கும். பத்துப் பைசா மரத்துண்டுக்கு ஒரு வார இறுதி பலி.

கியர்பாக்ஸிலும் இதே மாதிரி ஒன்று. அமெரிக்க 240இசட்டில் நாலு கியர்தான். 280இசட்டின் அல்லது இசட்எக்ஸின் ஐந்து கியர் பெட்டி நேராகப் பொருந்தும், நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஆனால் கிளட்ச் பேரிங் உட்காரும் காலர் உயரத்தில் பல வகை உண்டு; அது எந்த பிரஷர் பிளேட்டோடு வந்ததோ அதோடுதான் ஜோடி சேரும். கியர்பாக்ஸோடு வந்த காலரையும் காரோடு வந்த பிளேட்டையும் கலந்தால் எல்லாம் மாட்டி முடித்த பிறகு கிளட்ச் விடாது. திரும்ப எல்லாவற்றையும் இறக்கு.

எல்28-ஐ இன்னும் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. நிஸானின் எல்டி28 டீசல் எஞ்சினின் கிராங்க் 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அதை எல்28 பிளாக்கில் வைத்து, எல்24-இன் நீளமான 133 மில்லிமீட்டர் கனெக்டிங் ராடைப் போட்டு, போரை 89-க்கு விரித்தால் 3098 சிசி வரும். மூன்று வெபர் அல்லது மிகுனி இரட்டைக் கார்புரேட்டர்களோடு இது பாடும் பாட்டுக்கு இணையே கிடையாது, ஜப்பானியர்கள் பல வருஷமாக இதில் ஊறிப்போயிருக்கிறார்கள். ஆனால் இது கராஜ் வேலை என்பதைத் தாண்டி லேத்துப் பட்டறை வேலை. பிளாக்கின் சுவர் 89-க்குத் தாங்குமா என்று அல்ட்ராசவுண்டில் அளந்து பார்க்க வேண்டும், டீசல் கிராங்க் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இப்போது புதிதாகவே கிராங்க் செய்து விற்கிறார்கள், விலையைக் கேட்டால் ஆர்பி எஞ்சின் பக்கம் கண் போய்விடும்.

டர்போ வேண்டும், குடும்பத்தை விட்டும் போகக்கூடாது என்றால் எல்28இடி. 1981 முதல் 1983 வரையிலான 280இசட்எக்ஸ் டர்போவில் வந்தது, 180 குதிரைத்திறன். குறைந்த கம்ப்ரஷன், பி90 ஹெட். பிளாக் அதே இடத்தில் போல்ட் ஆகும் என்பதால் சுலபம் என்று நினைத்துவிடுவோம். தொல்லை பெட்ரோலில் இருக்கிறது: 240இசட்டின் டேங்க் கார்புரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் செய்யப்பட்டது. இன்ஜெக்‌ஷனுக்கு அழுத்தம் அதிகம் தரும் மின்பம்ப் வேண்டும், வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காமல் இருக்கச் சின்ன சர்ஜ் டேங்க் வேண்டும், புதுக் குழாய்கள் வேண்டும். நாற்பது வருஷத்துப் பழைய கம்ப்யூட்டரையும் நொறுங்கும் வயரையும் நம்பாமல், நாமே டியூன் செய்யும் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போடுவது நல்லது. எல்28-ஐ ஒரு வருஷம் ஓட்டிச் சலித்த பிறகு போக வேண்டிய இரண்டாம் கட்டம் என்றுதான் இதைச் சொல்வேன்.

இனி எல்லோரும் காத்திருக்கும் ஆர்பி. ஆர்33 ஸ்கைலைனின் ஆர்பி25டிஇடி, 2.5 லிட்டர், இரட்டை கேம், டர்போ, 250 குதிரைத்திறன். இதுவும் நேர்வரிசை ஆறு, இதுவும் நிஸான்தான், அதனால் காரின் குணம் கெடுவதில்லை. நீளமான மூக்கைத் திறந்தால் நீளமான எஞ்சின் இருக்கும், பார்க்கவும் பொருத்தமாக இருக்கும். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு எல்28 அப்புறம் பிடிக்காது, அதை மறுக்க மாட்டேன். ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்னும் கவர்ச்சி, ஆனால் அது நான்குசக்கர இழுவைக் காருக்கான எஞ்சின். ஆயில் பானோடு முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் சேர்ந்தே வரும், பானையும் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் முதலில் மாற்றியாக வேண்டும். ஆர்32 ஜிடி-ஆரை அமெரிக்காவுக்குள் கொண்டுவர 25 வருஷம் ஆன காரை அனுமதிக்கும் விதி 2014-இல் வழிவிட்டதிலிருந்து ஆர்பி பாகங்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

எஞ்சின் மவுன்ட் கிட் கிடைக்கிறது, அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சின் உள்ளே உட்கார்ந்த அன்று படம் எடுத்துப் போடுவார்கள், வேலை முக்கால்வாசி முடிந்த மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் பட்டியல் ஆரம்பிக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவெடுத்துச் செய்ய வேண்டும். 240இசட்டின் ஸ்பீடாமீட்டர் கேபிளில் ஓடுவது, ஆர்பி கியர்பாக்ஸ் தருவது மின்சமிக்ஞை, ஆர்பிஎம் மீட்டரும் ஒத்துவராது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்கு ரேடியேட்டர் தாங்கியில் ஓட்டை போட வேண்டும். ஸ்கைலைன் வயரிங்கை டாட்சன் வயரிங்கோடு சேர்க்க உட்கார்ந்து ஒவ்வொரு வயராகப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் ஆர்180 டிஃபரன்ஷியலும் யு-ஜாயின்ட் வைத்த ஆக்சிலும் இந்த முறுக்கத்தை ரொம்ப நாள் தாங்காது, அதைவிடப் பெரிய ஆர்200-க்கும் சிவி ஜாயின்ட் வைத்த ஆக்சிலுக்கும் போக வேண்டும். அதற்குப் பின்சஸ்பென்ஷனைக் கழற்றினால் லோயர் ஆர்ம் ஸ்பிண்டில் பின் என்று ஒரு கம்பி வரும். ஐம்பது வருஷத் துருவில் வார்ப்பிரும்போடு ஒன்றாகிப் போயிருக்கும். சுத்தியலால் அடித்தால் நுனி பூவாக விரியுமே தவிர நகராது. சூடுகாட்டி, எண்ணெய் ஊற்றி, அதற்கென்றே செய்த இழுவான் வைத்துத் திருகினாலும் சில கார்களில் பிரஸ் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். பிரேக்கையும் இதே கையோடு மாற்றியாக வேண்டும், தொழிற்சாலையில் வந்தது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இவற்றில் எதுவும் தனியாகக் கஷ்டம் இல்லை. எல்லாம் சேரும்போது கார் வருஷக்கணக்கில் ஸ்டாண்டிலேயே நிற்கும், கல்யாணம் வரும், குழந்தை வரும், வேலை மாறும், கடைசியில் ‘தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது’ என்று விற்பனைக்கு வரும். அப்படி விற்பனைக்கு வருகிற பாதி முடிந்த ஆர்பி காரை வாங்குவது ஒரு நல்ல வழிதான், சொல்லப்போனால் இன்னொருத்தர் செலவழித்த பணம் உங்களுக்குத் தள்ளுபடியில் கிடைக்கிறது; வயரிங்கை மட்டும் முதலிலிருந்து நீங்களே செய்யுங்கள்.

வி8 பற்றிச் சுருக்கமாக. ஷெவர்லேயின் எல்எஸ்1, 5.7 லிட்டர், 1997 கார்வெட்டில் 345 குதிரைத்திறனோடு வந்தது. அலுமினிய பிளாக் என்பதால் மூக்கு பெரிதாகக் கனக்காது, நீளம் குறைவு என்பதால் நன்றாகப் பின்னால் தள்ளி வைக்கலாம், எடைப் பங்கீடு கெடாது. அமெரிக்காவில் இருக்கிறவருக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஆகும் செலவென்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை, பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், கிட்டுகளும் வருஷக்கணக்கில் பழுத்தவை. பின்பக்கம் மாற்ற வேண்டியது எல்லாம் ஆர்பிக்குச் சொன்னதேதான். எனக்கு ஒத்துவராத ஒரே விஷயம் சத்தம். இசட்டிலிருந்து கார்வெட் சத்தம் வந்தால் கார்வெட்டையே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும், அது என் கோளாறு. நீங்கள் ஆஸ்திரேலியாவிலோ ஜப்பானிலோ இருந்தால் கணக்கு தலைகீழ், அங்கே ஆர்பி சுலபம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், வாங்குவதற்கு முன்பே. கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை, அதனால் 240, 260, முதல் வருஷ 280 எல்லாம் தப்பித்துவிடும். 1976 முதல் வந்த 280இசட்டை வாங்கிவிட்டு மூன்று வெபர் போட நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். விளம்பரத்தில் ஒரு வருஷ வித்தியாசம் சின்னதாகத் தெரியும், விலையிலும் கொஞ்சம்தான் குறையும், ஆசைப்பட்டுவிடாதீர்கள். ஜப்பானில் வேறு வகை எஞ்சினை வைத்தால் ஷாக்கென் என்ற கட்டாய வாகனப் பரிசோதனைக்கு முன்னால் மாற்றத்தைப் பதிவுசெய்யும் காகித வேலை தனியாக இருக்கிறது.

ஆக, எண் ஒத்துப்போகும் ஆரம்பகாலக் கார் என்றால் எல்24. எஞ்சினே இல்லாமல், தரையெல்லாம் ஏற்கெனவே வெட்டி ஒட்டி, கண்ட இடத்தில் ஓட்டை போட்ட உடம்பு மலிவாகக் கிடைத்து, உங்களிடம் வெல்டிங் கையும் தினமும் ஓட்ட வேறு ஒரு காரும் இருந்தால் ஆர்பியோ வி8-ஓ தாராளமாக வையுங்கள், அந்த உடம்பில் கெடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மீதி எல்லோருக்கும் எல்28. தட்டைப் பிஸ்டன் எஃப்54 பிளாக், வட்டமூடி எஸ்யூ இரண்டு, ஐந்து கியர், டொயோட்டா காலிப்பர், ஹெட்லைட் ரிலே. எஞ்சின் தேடுவதை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், 280இசட்எக்ஸ்கள் பழைய இரும்புக் கடைகளில் முன்னைப்போல் கிடைப்பதில்லை. ஆள் கேட்கிற விலையைப் பேசுவதற்கு முன் வால்வ் கவரின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்து கேமைப் பாருங்கள். லோப், அதாவது கேமின் மேடுகள், மழமழவென்று இருந்தால் பேரம் பேசலாம். கோடு விழுந்து தேய்ந்திருந்தால், அதற்கு அடியில் இருக்கும் ராக்கர் ஆர்மும் போயிருக்கும், ஹெட் செலவையும் சேர்த்துக் குறைத்துக் கேளுங்கள். பழைய காரிலிருந்து வந்த ஆயில் பானையும் பிக்கப்பையும் எஞ்சின் மவுன்ட் பிராக்கெட்டையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எல்28-ஐ ஏற்றும்போது அவைதான் வேண்டும்.